நம்ம படம் முப்பத்தொன்று

படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் அந்தக் கடைக்காரருக்குத் தெருவில் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டுவார். தெருமுனை வரை நடப்பார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடந்து மருந்துக்கடை வாசலில் நின்று யோசிப்பார், மறுபடி வருவார். எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை விட்டுத் தலையைத் தூக்காமலே, "பூட்டியாச்சு, நானே பாத்தேன், வீட்டுக்குப் போங்க" என்பார். அதற்குப் பிறகும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

இதை வைத்து ஊர் சிரித்தது. ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தால் அவ்வளவு சிரிக்கத் தோன்றாது. அந்தக் கடையில் இரண்டு வகைப் படங்கள் உண்டு. குதிரை, அருவி, பூச்சாடி என்று அவரே வாங்கிச் சட்டம் போட்டு விற்பனைக்கு மாட்டி வைத்திருப்பவை கடைப் படம். ஜனங்கள் சட்டம் மாற்றவும் கண்ணாடி போடவும் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவை நம்ம படம். கைக்காசு போட்டு வாங்கியது கடையோடதாம், ஊரார் வீட்டுப் படம் நம்மதாம்! இருபத்திரண்டு வருஷமாக அவரும் அவர் மனைவியும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். "நம்ம படத்து மேல டீ டம்ளரை வைக்காதே." "நம்ம படம் நாலு இன்னிக்குப் போகணும்." கடைப் படம் தொலைந்தால் இன்னொரு குதிரை வாங்கிக்கொள்ளலாம். நம்ம படம் தொலைந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுநாள் ஷட்டரைத் தூக்குவது?

அவருடைய பயம் எல்லாம் நெருப்பும் திருடனும்தான். இன்ஷூரன்ஸ் பக்கம் நினைப்பு போனது தையல்காரரால். ஒரு மத்தியானம் இஸ்திரிப் பெட்டி கவிழ்ந்து தையல் கடையில் பாதி எரிந்தது. கம்பெனி இரண்டு மிஷினுக்கும் ஒரு மேசைக்கும் பணம் கொடுத்தது. தைக்கக் கொடுத்த துணிகளுக்குக் கையை விரித்துவிட்டது. "துணி உங்களோடது இல்லையே, நீங்க எழுதினது சொந்தச் சரக்குக்கு மட்டும்தானே" என்றார்களாம். தையல்காரர் மூன்று மாதம் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக நடமாடினார்.

கேட்டதும் பூட்டு தன் பாலிசித் தாளைத் தேடிப் போனார். ஏனென்றால் தையல்காரருக்கு அந்தப் பாலிசியை எழுதியவன் பூட்டின் சொந்த மச்சினன். போன வருஷம் இவருக்கும் அவன்தான் எழுதினான். "மாமா, ஒரே ஒரு கையெழுத்து, மீதியை நான் பாத்துக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போன கையெழுத்து. பீரோவில் இருந்து தாளை எடுத்து விரித்துப் படித்தார். நாலாவது பக்கத்தில், பொடி எழுத்தில், சொந்தச் சரக்கு மட்டும் என்று இருந்தது.

"உன் தம்பி குதிரைக்கும் பூச்சாடிக்கும் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கான்" என்றார் மனைவியிடம்.

"அவன் என்ன வேணும்னா பண்ணினான்? அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள் அவள். தம்பியை விட்டுக்கொடுப்பாளா?

தையல்காரர்தான் வழி சொன்னார். "ஏஜென்ட் கம்பெனி ஆளு. புரோக்கர்னு தனியா இருக்காங்க, அவங்க நமக்காகப் பல கம்பெனியில பேசுறவங்க. நான் பட்ட பிறகு தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க படுறதுக்கு முன்னாடி போங்க."

புரோக்கர் என்றதும் மனைவிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் அப்பா வீடு விற்றபோது வந்த தரகர் இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் வாங்கி, இரண்டு பக்கத்தையும் அழவிட்டுப் போனவர். "தரகன்னாலே எனக்கு ஆகாது. போறதுன்னா நீங்க போங்க. என்னைக் கூப்பிடாதீங்க."

போனார். முதல் ஆபீஸில் கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, டை கட்டிய பையன். வருஷ வியாபாரம் எவ்வளவு என்று கேட்டான், சொன்னார். "நாங்க ஃபேக்டரி மட்டும்தான் சார் பாக்குறோம்" என்று வாசல் வரை வந்து மரியாதையாக வழியனுப்பினான். இரண்டாவது புரோக்கர் போனிலேயே முடித்துவிடப் பார்த்தார். அரை மணியில் பாலிசி கைக்கு வந்துவிடும் என்றார். "கடையைப் பாக்க வேணாமா?" என்று பூட்டு கேட்டார். "எதுக்கு சார்?" என்றது அந்தக் குரல். அந்த 'எதுக்கு' பூட்டை இரண்டு நாள் சாப்பிடவிடவில்லை.

மூன்றாவது ஆள் ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, சுவரில் சட்டம் போட்ட லைசென்ஸ். பூட்டு முதலில் லைசென்ஸைப் பார்க்கவில்லை, சட்டத்தைத்தான் பார்த்தார். வலது கீழ் மூலை சேராமல் வாய் பிளந்திருந்தது. இதைச் சகித்துக்கொண்டு தினமும் உட்காருகிறவரை நம்பலாமா என்று ஒரு கணம் கலங்கினார். பிறகு நம்பரைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கி, பாதிப் படியில் நின்று, லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸுக்குப் போன் செய்தார். நம்பர் சரிதான், நடப்பில்தான் இருக்கிறது என்றார்கள். இரண்டு நிமிஷம் கழித்து வேறு ஆள் எடுப்பாரோ என்று மறுபடி போன் செய்தார். அதே ஆள் எடுத்தார்.

திரும்பி ஏறியபோது புரோக்கரம்மா சொன்னார்: "படிக்கட்டுல பேசினா இங்க நல்லாவே கேக்கும் சார். விசாரிச்சது நல்லதுதான். பாதிப் பேரு விசாரிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டுறாங்க. நாளைக்குக் காலையில கடைக்கு வர்றேன். பாக்காம நான் ஒண்ணும் சொல்றதில்ல."

வந்தார். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார், பசை டப்பாவை மோந்து பார்த்தார், பின்கதவை ஆட்டிப் பார்த்தார். பூட்டுக்கு நிம்மதியாக இருந்தது. தன்னைவிடப் பயந்த ஒரு ஜீவனைக் கண்டதில் வந்த நிம்மதி. பிறகு அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"மேல யாரு?"

"பல் டாக்டர்."

அந்த அம்மா மாடிக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் இறங்கி வந்தார். "நோயாளி உக்கார்ற நாற்காலி சரியா இந்த ரேக்குக்கு மேல இருக்கு. அதுக்குத் தண்ணிக் குழாய் தரைக்குள்ளயே ஓடுது. நீங்க நெருப்பு நெருப்புங்கிறீங்க. நான் தண்ணியையும் சேப்பேன். ரேக்குல என்ன இருக்கு?"

"நம்ம படம், மேடம்."

"அப்ப சொந்தச் சரக்கு."

"இல்ல இல்ல, சொந்தச் சரக்கு அந்தச் சுவர்ல. அது கடைப் படம். இது நம்ம படம்."

புரோக்கரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "எனக்குப் புரியல. இது யாரோடது?"

"ஜனங்களோடது."

"அப்புறம் ஏன் நம்ம படம்?"

இந்தக் கேள்வியை யாரும் அவரைக் கேட்டதில்லை. கடைசியில் உள்ளேயிருந்து அவர் மனைவிதான், என்னைக் கூப்பிடாதீங்க என்றவள், பசைக் கையோடு வந்து சொன்னாள்: "நம்மளை நம்பிக் கொடுத்திருக்காங்க இல்ல, அதனால."

அந்த அம்மா சிரித்தார். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். கூடவே சொன்னார்: "தண்ணிச் சேதம் ஜனங்க கொடுத்த படத்துக்கு மட்டும்தான் சேத்திருக்கேன். பழைய போட்டோவுக்கு விலை கிடையாது. அதனால சீர் பண்ற செலவுன்னு கேட்டு வாங்குறேன். ஒரு நிபுணர் கிட்டக் கொடுத்துச் சரி பண்ண ஆகுற செலவு மட்டும்தான். சீர் பண்ண முடியாம போச்சுன்னா போனதுதான், அதை எந்தக் கம்பெனியும் கொண்டுவர முடியாது. இப்பவே சொல்லிடறேன்."

"கமிஷன் யாருகிட்ட வாங்குறீங்க?" என்றாள் மனைவி, நேராக.

"கம்பெனி கொடுக்குதும்மா. எவ்வளவுன்னு தாள்ல போட்டிருக்கேன், படிச்சுப் பாருங்க. ஆனா பிரச்சினைன்னு வந்தா உங்க பக்கம் நிக்கலைன்னா அடுத்த வருஷம் நீங்க என்கிட்ட வரமாட்டீங்க. எனக்கும் வயிறு இருக்கு."

மனைவிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று பூட்டுக்குத் தெரிந்தது; டீ போடப் போனாள்.

போகும்போது புரோக்கரம்மா ஒரு அட்டையில் தன் நம்பரை எழுதி, அடியில் கோடு போட்டார். "எது நடந்தாலும் முதல் போன் எனக்கு. கம்பெனிக்கு இல்ல. எனக்கு." பூட்டு அந்த அட்டைக்கு நல்ல தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, சுவிட்ச் போர்டு பக்கத்தில் மாட்டினார். மூலை நாலும் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன.

ஐந்தாவது மாதம், ஒரு திங்கட்கிழமைக் காலை, ஷட்டரைத் தூக்கியபோது கணுக்காலில் தண்ணீர் பட்டது. சனிக்கிழமை மத்தியானமே பல் டாக்டர் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். தரைக்குள் குழாய் விட்டுப்போயிருந்தது. இரண்டு இரவும் ஒரு பகலும் ரேக்கின் மேல் சொட்டியிருக்கிறது. சுவரில் குதிரை காய்ந்த மேனிக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரேக்கில் முப்பத்தொரு படங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஊறிக் கிடந்தன.

பூட்டை எத்தனை தடவை இழுத்துப் பார்த்தோம் என்று பூட்டுக்கு அழுகை வந்தது. பாலிசித் தாளை எடுத்தார். அதில் சிவப்பு எழுத்தில் பெரிதாக ஒரு நம்பர். தேக்குச் சட்டத்தில் இருந்த அட்டை அவர் தோளுக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில் இருந்தது. சிவப்பு நம்பருக்குத்தான் போன் செய்தார். இருபத்திரண்டு வருஷப் பயமும் சேர்ந்து வந்து நிற்கும்போது மனிதனுக்குச் சிவப்பு மட்டும்தான் கண்ணில் படும் போலிருக்கிறது.

"என்ன சேதம் சார்?" என்றது ஒரு பெண் குரல்.

"நம்ம படம் முப்பத்தொண்ணும் போச்சும்மா! கடைப் படம் ஒண்ணும் ஆகல, நம்ம படம்தான், எல்லாமே நம்ம படம்!"

"உங்க படம் முப்பத்தொண்ணு. பதிவு பண்ணிக்கிட்டேன் சார்" என்றது குரல்.

அப்புறம்தான் அட்டை ஞாபகம் வந்தது. புரோக்கரம்மா முக்கால் மணியில் வந்துவிட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து, போட்டோ எடுத்து, பழைய படங்களைச் சீர் செய்யும் ஒரு பெண்ணுக்குப் போன் போட்டு வரவழைத்தார். சிவப்பு நம்பருக்குப் பேசியதைக் கேட்டதும் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன சொன்னீங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க."

சொன்னார்.

"அண்ணே" என்றார் அந்த அம்மா. அதுவரை சார்தான். "அண்ணே, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம இருந்திருக்கக் கூடாதா?"

எட்டாம் நாள் கடிதம் வந்தது. சேதமானவை காப்பீடு பெற்றவரின் சொந்தப் படங்கள் என்று அவரே தெரிவித்திருப்பதாலும், சொந்தப் படங்களுக்குத் தண்ணீர்ச் சேதம் பொருந்தாது என்பதாலும், கோரிக்கை ஏற்கப்படவில்லை. இவ்வளவுதான். சீர் செய்யும் பெண் படங்களை உறிஞ்சுதாள் நடுவில் வைத்துக் காத்திருந்தாள். ஒரு மாதம் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் என்னாலும் ஆகாது என்று சொல்லியிருந்தாள். கம்பெனி ஒப்புக்கொள்ளாமல் முப்பத்தொன்றுக்கும் செலவு செய்ய வேண்டுமானால் கடையை விற்க வேண்டும். விற்றாலும் போதுமா என்று பூட்டு கணக்குப் போட்டுப் பார்க்கவே பயந்தார்.

இதற்கு நடுவில் கண்டக்டர். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், எழுபது தாண்டியவர். மனைவி இறந்து நாலு மாதம் ஆகிறது. இளவயதில் அந்த அம்மாள் ஒரு பஸ்ஸின் படிக்கட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி நிற்கும் ஒரே ஒரு படம். அதைத்தான் கொடுத்திருந்தார். தினமும் காலை பத்தரைக்கு, பஸ் நேரம் தவறாத மாதிரி, கடை வாசலில் வந்து நிற்பார்.

"ஆச்சா தம்பி?"

"சட்டம் இன்னும் வரலைங்க ஐயா."

"சரி. அவசரமில்ல."

மற்றவர்களை எல்லாம் போனில் ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். ஆனால் இந்தப் பொய்யை நேருக்கு நேர், கண்ணைப் பார்த்து, தினமும் ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பத்து மணிக்கே வாசலைப் பார்க்க ஆரம்பிப்பார். ஒருநாள் உள்ளே போய் ஒளிந்துகொண்டு மனைவியைச் சொல்லச் சொன்னார். அவள் சொல்லிவிட்டு வந்து, "இனிமே என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. அந்த மனுஷன் எனக்கு நன்றி சொல்லிட்டுப் போறாரு" என்று மூக்கை உறிஞ்சினாள்.

புரோக்கரம்மா சும்மா இருக்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்து வரியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு நாலு தடவை நடந்தார். அந்த வரி இதுதான்: 'வாடிக்கையாளர் ஒப்படைத்த படங்களை இவர் நம்ம படம் என்று குறிப்பிடுவது வழக்கம்.' பூட்டுக்கு அந்த வரி அங்கே இருப்பதே தெரியாது. கையெழுத்துப் போடும்போது பொடி எழுத்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தவர், பேனாவால் எழுதியதைப் படிக்காமல் விட்டிருந்தார்.

பதினெட்டாம் நாள் புரோக்கரம்மா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "பாதி ஜெயிச்சாச்சு. நம்ம படம்னா என்னன்னு ஒத்துக்கிட்டாங்க. இப்ப, உங்களோடது இல்லைன்னா வேற யாரோடதுன்னு காட்டுங்கிறாங்க. ரசீதுப் புத்தகம் கொடுங்க."

கொடுத்தார்கள். புரோக்கரம்மா புரட்டினார். முகம் மாறியது. இருபத்திரண்டு வருஷமாக மனைவியின் கையெழுத்தில் ரசீது போட்ட லட்சணம் அப்போதுதான் வெளியே வந்தது. 'கண்டக்டர், 1.' 'மூக்குக்கண்ணாடி டீச்சர், 2.' 'ரெட்டைக் குழந்தை வீடு, 1.' 'கோவக்காரர், 1, சீக்கிரம்.'

"பேரு எங்க?"

"அதான் பேரு" என்றாள் மனைவி. "கண்டக்டர்னா எங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்மா. கம்பெனிக்குக் கோவக்காரர்னு யாரையும் தெரியாது." புரோக்கரம்மா பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரே வழிதான். ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், இந்தப் படம் என்னுடையது, சட்டம் போடக் கொடுத்திருந்தேன்னு கையெழுத்து வாங்கணும். முப்பத்தொரு படத்துக்கும். பத்து நாளுக்குள்ள."

"அப்ப அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லணுமே?"

"சொல்லாம எப்படிண்ணே?"

"நீங்க வந்து சொல்லுவீங்களா?"

"கம்பெனிகிட்ட பேசுறது என் வேலை. அதை நான் பாத்துக்கிறேன். இது உங்க படம்." எழுந்தவர் நின்று திருத்திக்கொண்டார். "நம்ம படம்."

மறுநாள் காலை பத்து மணிக்கே பூட்டு தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துவிட்டார். பேனாவைத் திறந்து மூடிப் பார்த்தார். எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தார். மூன்றாவது தடவை கிறுக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது.

"ஆச்சா தம்பி?"

"ஐயா, உள்ள வாங்க. உக்காருங்க."

கண்டக்டர் உட்காரவில்லை. பூட்டு சொல்ல வேண்டியதை இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்; வந்தது வேறு. "ஐயா... நம்ம படம் நனைஞ்சுபோச்சு" என்றார். அதற்குப் பிறகு குழாயும் பல் டாக்டரும் கம்பெனியும் எல்லாமே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வந்தன. "சட்டம் வரலைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க."

கண்டக்டர் கடையின் பின்சுவரைப் பார்த்தார். அங்கே வெட்டாத சட்டங்கள் ஆளுயரத்துக்கு வரிசையாகச் சாய்ந்து நின்றன.

"சட்டம் நிக்கிறதை நான் தினமும் பாத்துட்டுதானே தம்பி போறேன்" என்றார். "நான் எடுத்துக் கொடுத்த சட்டம் அதோ, அந்த மூணாவது. ஏதோ ஆயிடுச்சுன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டுட்டா நீங்க சொல்லிடுவீங்களேன்னுதான் கேக்கல."

ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு இரண்டு பேரும் இத்தனை நாளாக ஒரே வாசலில் நின்றிருக்கிறார்கள்.

"முகம் இருக்கா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இருக்குங்க. அந்தச் சீர் பண்றவங்க நேத்து சொன்னாங்க. முகம் முழுசா இருக்கு, சிரிப்பு இருக்கு. தோளுக்குக் கீழ போயிடுச்சு. கம்பியைப் பிடிச்சிருக்கிற கை போயிடுச்சு. பஸ் போயிடுச்சு."

"பஸ் போனா போகுது. நான் பாக்காத பஸ்ஸா?" தாளை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். 'இந்தப் படம் என்னுடையது' என்ற இடத்தில் நெடுநேரம் நின்றார். "அவ அலமாரியில இருந்தது. அவளோடதுதான். இருந்தாலும் போடுறேன்." ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் எழுதிப் பழகிய கை, நின்றுகொண்டே, சுவரில் தாளை வைத்து, கோணாமல் கையெழுத்துப் போட்டது.

"முகம் வந்தா போதும் தம்பி. மீதி எனக்குத் தெரியும்."

படியிறங்கிப் போய்விட்டார். பூட்டு அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்தார். பிறகு ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, மனைவியைக் கூப்பிட்டு, மூக்குக்கண்ணாடி டீச்சர் வீடு எந்தத் தெரு என்று கேட்டார்.